இசைத்தட்டில் இல்லாத சுப்பையா அண்ணன்

ஸ்டூடியோ வாசலில் உட்கார்ந்து டோலக்கின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜர் வந்து, "உங்க ஊர் சுப்பையா போயிட்டாராம்" என்றார். நான் நிமிராமலே, "எந்த வண்டிக்கு?" என்று கேட்டேன். கிளாரினெட் சுப்பையா அண்ணனைத் தெரிந்த யாரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். மெட்ராஸில் தேடினால் ஊருக்குப் போயிருப்பார், ஊரில் தேடினால் மெட்ராஸுக்குப் போயிருப்பார். மேனேஜர் என் தோளில் கை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் அன்னவாசல், நான் குன்றாண்டார்கோவில்; மெட்ராஸ்காரர்களுக்கு இரண்டும் ஒரே ஊர்தான். நாற்பத்தெட்டாம் வருஷம் இருவரும் ஒரே ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தோம். அப்பப்பா, என்ன வாசிப்பு! ஒத்திகையில் அவர் கிளாரினெட்டை எடுத்தால் வயலின்காரர்கள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். ஆனால் பாட்டில் தனியாக நாலு வரி வாசிக்கும் வாய்ப்பு மட்டும் வரவேயில்லை. கூட்டத்தோடு கூட்டமாக ஊதிவிட்டு வருவார். ஊரில் பிள்ளைகளோடு இருந்த மதினி, ஓட்டலில் இசைத்தட்டு சுழலும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்டுவிட்டு, இதில் எது தன் வீட்டுக்காரர் சத்தம் என்று புரியாமல் திரும்புவாராம். "ஒங்க மதினி கேட்டதும் 'இது அவுக'ன்னு சொல்ற மாதிரி ஒண்ணு வாசிச்சிரணும்டா" என்று அண்ணன் என்னிடம் சொல்லாத வாரமில்லை.

கடைசியில் அந்த வாய்ப்பு வந்தது. இரண்டு சரணத்துக்கு நடுவே கிளாரினெட் மட்டும். பதிவுக்கு முதல் நாள் திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டில் ஒரு கச்சேரி. முடித்துவிட்டுச் சாயங்கால ரயிலைப் பிடித்து வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார். அந்தச் செட்டியார் வீட்டு உபசாரத்தைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும். இலையில் இடம் இல்லை என்று கையால் மறைத்தால், மறைத்த கையைத் தள்ளிவிட்டுப் பரிமாறுவார்கள். கலைஞர்கள் வந்துவிட்டால் செட்டியாருக்குத் தலைகால் புரியாது. அனுப்ப மனசு வராது. பதிவு அன்று காலை நாங்கள் எல்லோரும் ஸ்டூடியோவில் அவருக்காகக் காத்திருந்தோம். அவர் வரவில்லை. இசையமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வேறொருவரை வரவழைத்தார். வந்தவரும் நன்றாகவே வாசித்தார். எனக்குத்தான் டோலக்கில் கை ஓடவில்லை.

மறுநாள் வந்த அண்ணன் சண்டைக்குப் போகவில்லை. "செட்டியார் காருல கோளாறுன்னாக, வண்டியப் பிடிக்க முடியல" என்றார், அவ்வளவுதான். பிறகு என்னைத் தனியாக இழுத்துப்போய், "வேற ஆளு வாசிச்சது செட்டியார் காதுக்குப் போகக்கூடாது. போச்சுன்னா அந்த மனுசனுக்குச் சோறு எறங்காது" என்று வாயை அடைத்துவிட்டார்.

பாட்டு ஓகோவென்று ஓடியது. இசைத்தட்டில் பாடியவர் பெயர் மட்டும்தானே இருக்கும். ஊரே அதைச் சுப்பையா வாசிப்பென்று முடிவுகட்டிவிட்டது. இப்போது இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்த நீங்களும் அந்தப் பாட்டைத்தான் சொல்கிறீர்கள். வாசித்தவர் வேறொருவர், அந்தப் பெருமை அவருக்கே போகட்டும்.

செட்டியார் சும்மா இருப்பாரா? விருந்து வைத்து, அன்னவாசலுக்குக் கார் அனுப்பி மதினியையும் பிள்ளைகளையும் வரவழைத்துவிட்டார். அண்ணனோடு நானும் போனேன். பொன்னமராவதியிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். செட்டியார் சம்சாரம் ஆச்சி, மதினியைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். கிராமபோனில் தட்டு சுழன்றது. கிளாரினெட் வந்ததும் கூடம் முழுக்க ஒரே கைதட்டல்! அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி மட்டும் கை தட்டவில்லை. "இது அவுக இல்லையே" என்றார். "அவுக மூச்சு வாங்குற எடம் எனக்குத் தெரியாதா?"

ஆச்சி சிரித்தார். செட்டியார் சிரிக்கவில்லை. கச்சேரிக்கு மறுநாள்தானே பதிவு என்று சொன்னீர்கள் என்று அண்ணனிடம் மெதுவாகக் கேட்டார். அண்ணன் தலை நிமிராததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "அன்னைக்குக் காருக்கு ஒண்ணுமில்ல சுப்பையா. இன்னும் ஒரு ராகம் கேக்கணும்னு நாந்தான் சாவிய எடுத்து வச்சுக்கிட்டேன்."

"தெரியுமுங்க. காரப் பாத்த டிரைவர் கையில ஒரு பொட்டு எண்ணெ மசி இல்லையே."

"தெரிஞ்சுமா இருந்தீங்க?"

அண்ணன் தலை நிமிர்ந்து சொன்னார். "அங்கிட்டு எல்லாரும் என்னைய வாசிக்கச் சொல்றாக. இங்கிட்டு நீங்க ஒருத்தர்தான் இருக்கச் சொன்னீங்க."

செட்டியார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம். அப்போது மதினி, யாரையும் பார்க்காமல், தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: "பொழப்புக்குப் போற மனுசனத் தடுக்கக்கூடாதுன்னு நா ஒரு நாளும் இருங்கன்னு சொன்னதில்ல."

அன்று மாலை ரயிலில் நான் மட்டும்தான் ஏறினேன். மறுநாள் எங்கள் இருவருக்குமே பதிவு இருந்தது. மேனேஜர் சுப்பையா எங்கே என்று கத்தினார். வீட்டில் இருக்கச் சொன்னார்கள், இருக்கிறார் என்றேன். இப்படி ஒரு காரணத்தை அவர் கேட்டதே இல்லை போலும், கத்துவதை விட்டு நோட்டில் லீவு என்று எழுதிக்கொண்டார்.

சென்ற வாரம் கருமாதிக்கு அன்னவாசல் போயிருந்தேன். மதினி அழுதுகொண்டே சிரித்தார். அந்த முறை ரயிலேறாமல் இருந்தபோது, தட்டில் வாசிக்க முடியாமல் போன நாலு வரியையும் அண்ணன் வீட்டில் வாசித்துக் காட்டினாராம். "தட்டுல உள்ளதவிட நல்லா இருந்துச்சு. எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார். எவ்வளவு பெருமை அந்த முகத்தில்!

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். பெட்டியைத் தூக்கும் முன் வாசலில் ஒரு நிமிடம் நின்று, வீட்டில் யாராவது இருக்கச் சொல்கிறார்களா என்று காது கொடுத்துப் பார்ப்பேன். அந்தச் சொல்லை நம் வீடுகளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. கருமாதி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பதால் அன்றைக்கும் சத்தமில்லாமல் செருப்பை மாட்டினேன். வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து மதினி, "இருங்க தம்பி" என்றார். ரயில் போனால் போகட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.