பாலத்து ஏற்றத்தில் ஒரு தீப்பெட்டி

1. ஸ்டைல் பேர்வழி

கடலோரத்து டிரைவர்களுக்கு ஏற்றம் தெரியாது. ராயபுரத்தில் வண்டியைக் கிளப்பினால் எண்ணூர் வரைக்கும் தரை தோசைக்கல் மாதிரி கிடக்கும். ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோகும். லாரிக்காரர்கள் அதில் சாப்பாட்டு மூட்டையைத் தொங்கவிடுவார்கள்.

நான் கொஞ்சம் ஸ்டைல் பேர்வழி. வண்டியை நிறுத்தியதும், லிவர் முனையில் இருக்கும் பட்டனை அமுக்காமல், கரகரவென்று சத்தம் வர ஒரே இழுப்பாக இழுப்பேன். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் திரும்பிப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான். அப்படி இழுத்தால் உள்ளே பல் தேயும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இழுத்தேன். வயது இருபத்தாறு.

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை மேனேஜருக்கு நான் டெம்பரவரி டிரைவர். உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கறுப்பு நிறக் கார். காலையில் வீட்டிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், மாலையில் கொண்டு வந்து விட வேண்டும். நடுவில் துடைக்க வேண்டும். ஒன்றரை வருஷம் துடைத்தேன்.

அதற்குள் நான் தேய்த்த பல் தேய்ந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் லிவரை மேலே இழுத்தால் உள்ளே ஒரு நாக்கு பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். மேல் பற்கள் மொட்டையானதால், முழுக்க இழுத்தால் நிற்பது போல நிற்கும். கையை எடுத்து இரண்டு மூச்சு விடுவதற்குள் டக்கென்று கீழே இறங்கிவிடும். இதற்கு ஒரு வழியும் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். இழுத்த பிறகு லிவரை என் சீட்டுப் பக்கமாகப் புறங்கையால் ஒரு தட்டு தட்டினால், நாக்கு சாய்ந்து இறுகிக்கொள்ளும். பிறகு அசையாது.

ரிப்பேர் செய்யச் சொல்லி மேனேஜரிடம் போனால் பல் எப்படித் தேய்ந்தது என்று கேட்பார். அதனால் நான் வாய் திறக்கவில்லை. தட்டிக்கொண்டே காலத்தை ஓட்டினேன்.

2. சவரி சொல்லிக்கொடுத்தது

சவரிமுத்து காசிமேட்டுக்காரன். அப்பா, அண்ணன், தம்பி எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் படகில் ஏறினால் குமட்டும். வீட்டில் கேலி பொறுக்காமல் யுத்தத்தின்போது மிலிட்டரியில் டிரைவராகச் சேர்ந்து, அஸ்ஸாம் மலைகளில் லாரி ஓட்டிவிட்டு வந்தான். தண்டையார்பேட்டை டீக்கடையில் பழக்கமாகி எனக்குத் தோஸ்தானான். அப்போது அவன் ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு தனியார் லாரி. ஆந்திராவில் பெஜவாடா வரைக்கும் லோடு போவான்.

அந்தச் சமயம்தான் மேனேஜர் ஒரு சேதி சொன்னார். டிரைவர் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள். ஆனால் அவர் குடும்பம் ஒவ்வொரு கோடையிலும் நீலகிரிக்குப் போகும். முந்தின வருஷம் வாடகைக் கார் டிரைவர் ஒருவன் கொண்டை ஊசி வளைவில் வண்டியைப் பின்னால் விட்டுவிட்டு, பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினானாம். மேனேஜர் வீட்டு அம்மா அதற்கப்புறம் காரில் ஏறவே பயப்படுகிறார். ஆகவே ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கத் தெரிந்தவனுக்குத்தான் வேலை. டெஸ்ட் வைப்பார். வெளி ஆளும் வரலாம்.

எனக்கு ஏற்றம் வராது. நேரே சவரியிடம் போனேன். அவன் சிரித்தானே தவிர மறுக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்துக்குத் தன் லாரியைக் கொண்டுவந்தான். எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்று சொல்ல அது ஒன்றுதான் உண்டு. கைவண்டிக்காரர்கள் அதில் ஏறும்போது பின்னால் இரண்டு பேர் தள்ள வேண்டும்.

பத்துத் தடவை இன்ஜினை ஆஃப் ஆக்கினேன். பதினோராவது தடவை அவன் என் முழங்காலைத் தட்டிச் சொன்னான்.

"கண்ண மூடு மாமு. காதால கேளு. கிளட்ச்ச மெல்ல வுடு, இன்ஜின் குரல் கம்மும், வண்டி மூக்க தூக்கும். அப்போதான் ஹேண்ட் பிரேக்க வுடணும். அவசரப்பட்டா பின்னால போவும். பயந்தியானா நின்னு பூடும். அவ்ளோதான் வித்த."

குரல் கம்மியது. மூக்கைத் தூக்கியது. ஹேண்ட் பிரேக்கை விட்டேன். அத்தனை பெரிய லாரி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் மேலே நகர்ந்தது. கிளட்ச்சும் ஆக்ஸிலரேட்டரும் சண்டை போடாமல் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கிற அந்த இடத்தை என் கால் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது. இன்றைக்கும் மறக்கவில்லை.

இறங்கி வந்து டீ குடிக்கும்போது, தானும் அந்த வேலைக்கு எழுதிப் போடப் போவதாகச் சொன்னான். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போடுவேன் என்றும் சொன்னான். அவனுக்கு ஒரு வயதில் பெண் குழந்தை. லாரியில் போனால் வாரம் ஒரு நாள், அதுவும் அவள் தூங்கின பிறகுதான் வீட்டுக்கு வருகிறான். "பொண்ணு மூஞ்சிய பகல்ல பாக்கணும் மாமு, வேற இன்னா" என்றான். நான் தாராளமாகப் போடு என்றேன். வாயால் சொல்வதற்கு என்ன?

3. டெஸ்ட்

டெஸ்டுக்குப் பத்து நாள் முன்னால் எனக்கு ஆண் குழந்தை பிறந்தது. வேலை போனால் மறுநாளே நான் வெறுங்கையோடு நிற்க வேண்டும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

காலை பத்து மணி. அதே பாலம், அதே ஏற்றம். மேனேஜரும் ஆபீஸ் பியூனும் நின்றார்கள். விதிமுறையை மேனேஜரே சொன்னார். ஏற்றத்தின் பாதியில் வண்டியை நிறுத்த வேண்டும். இன்ஜின் ஓடட்டும். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, கால்களை எடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்ட வேண்டும். பியூன் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல் ஒரு தீப்பெட்டி வைப்பான். அது நசுங்காமல் வண்டியை எடுக்க வேண்டும்.

முதலில் யார் என்று கேட்டார். நான் சவரியைப் பார்த்து, "நீ போ" என்றேன். மரியாதைக்குச் சொன்னதாக அவன் நினைத்தான். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவன், என் பக்கம் திரும்பினான்.

"உன் கைல பழகின வண்டி. எதுனா பேஜாரு கீதா மாமு?"

நல்ல டிரைவர் யாரும் அடுத்தவன் வண்டியில் ஏறும்போது கேட்கிற கேள்விதான். வண்டியை ஒப்படைக்கிறவன் உள்ளதைச் சொல்வதும் எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். பிரேக் இழுக்கும், ஸ்டியரிங் இடப்பக்கம் ஓடும், மூன்றாம் கியர் முரண்டு பிடிக்கும் என்று எதிரிக்குக்கூடச் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்போம்.

"ஒண்ணும் இல்ல. நல்லா கீது" என்றேன்.

சவரி ஏறினான். பாதியில் அழகாக நிறுத்தினான். லிவரை இழுத்தான், பட்டனை அமுக்கி, சத்தமே இல்லாமல். கைகளைத் தூக்கினான். பியூன் குனிந்து தீப்பெட்டியை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் டக்கென்று அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. வண்டி பின்னால் உருண்டது. சவரி ஒரே மிதியில் பிரேக்கைப் பிடித்துவிட்டான். ஒரு கெஜம்கூட இராது. வேறு யாராக இருந்தாலும் பியூன் காலில் ஏறியிருக்கும். பியூன் துள்ளி நகர்ந்தான். தீப்பெட்டி தரையோடு தரையாகிவிட்டது.

சவரி இறங்கி வந்து, ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை என்று மேனேஜரிடம் பணிவாகச் சொன்னான். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம்" என்றார் மேனேஜர். "அதே வண்டி, அதே ஏத்தம். அவர் எடுக்கட்டும், பாப்போம்."

நான் ஏறினேன். அதே இடத்தில் நிறுத்தினேன். லிவரை இழுத்தேன். புறங்கையால் ஒரு தட்டு தட்டினேன். கைகளைத் தூக்கினேன். வண்டி மலை மாதிரி நின்றது. பியூன் இந்த முறை தூர நின்று கையை மட்டும் நீட்டித் தீப்பெட்டியை வைத்தான். கிளட்ச்சை மெல்ல விட்டேன். குரல் கம்மியது, மூக்கைத் தூக்கியது, ஹேண்ட் பிரேக்கை விட்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் இடப்பக்க ஜன்னலுக்கு நேரே பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தான். தீப்பெட்டி முழுசாக இருந்தது. மேனேஜர் அதை எடுத்து, சிரித்துக்கொண்டே என்னிடம் கொடுத்தார்.

சவரி மறுபடி ஹேண்ட் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் தோளில் கை வைத்து, "புள்ள பொறந்த நேரம் மாமு" என்று மட்டும் சொன்னான்.

அன்று மாலை மேனேஜரை விட்டுவிட்டு, வண்டியைத் தண்டையார்பேட்டையில் தெரிந்த ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அந்தப் பல்லைக் கழற்றி அரத்தால் ராவி மாட்டிக் கொடுத்தான். அரை மணி நேர வேலை. முந்தின நாளே செய்திருக்கலாம். பிறகு சவரியைப் பார்க்கும்படி ஆகிவிடுமோ என்று பயந்து, பாலத்து வழியை விட்டுச் சந்து பொந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

4. விருந்தாளி

லாரி முதலாளி, வேறு வேலைக்குப் போக நினைத்தவன் எனக்கு வேண்டாம் என்று சவரியை நிறுத்திவிட்டார். மிலிட்டரி சிநேகிதன் ஒருவன் மூலமாக நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவனுக்கு லாரி கிடைத்தது. பெண்டாட்டிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சு இரைத்தது. அவளும் குழந்தையும் காசிமேட்டிலேயே தங்கிவிட்டார்கள். சவரி கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்துபோனான். அந்த நாட்களில் நான் காசிமேட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

ஒவ்வொரு மே மாதமும் மேனேஜர் குடும்பத்தோடு நானும் மலை ஏறினேன். வளைவில் முன்னால் போகும் பஸ் நின்றால் நானும் நிற்க வேண்டும். பின்னால் பள்ளம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்பார். நான் காதால் கேட்டு வண்டியை எடுப்பேன். ஒரு தடவைகூட வண்டி பின்வாங்கியதில்லை. அம்மா என்னைப் புகழும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். எதிரே எஸ்டேட் லாரி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எட்டு வருஷம் கழித்து, அவன் பெண்ணுக்குப் புதுநன்மை விழா, சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கப் போகிறாள் என்று காசிமேட்டிலிருந்து ஆள் வந்து அழைத்தான். என் மனைவி விடவில்லை. போனோம். சவரிக்குத் தலை நரைத்திருந்தது. மலைக் குளிருக்குப் பழகிய உடம்பு, சட்டையெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

பூஜை முடிந்து வீட்டில் சாப்பாடு. அங்கே வழக்கம், விருந்தாளிகள் முதல் பந்தி, வீட்டுக்காரர்கள் கடைசி. வெள்ளைக் கவுன் போட்ட அந்தப் பெண் ஓடி ஓடி எல்லோரையும் உட்கார வைத்தாள். வாசலில் நின்றிருந்த தன் அப்பாவிடமும் வந்தாள். "நீங்களும் உக்காருங்கப்பா, ஊர்லேந்து வந்திருக்கீங்க" என்று என் பக்கத்து இலையைக் காட்டினாள்.

சவரி வந்து உட்கார்ந்தான்.

கை கழுவும்போது கிணற்றடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். எட்டு வருஷமாகச் சொல்லாததை ஆரம்பித்தேன். "சவரி, அன்னிக்கு அந்த ஹேண்ட் பிரேக்கு..."

"தெரியும் மாமு" என்றான். "நீ இழுத்துட்டு உன் பக்கமா ஒரு தட்டு தட்டுன பாரு. ஜன்னல் வழியா பாத்துகினுதான இருந்தேன்."

அப்புறம் ஏன் மேனேஜரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உன் பொழப்பு பூடும். உன் வூட்ல பச்ச புள்ள." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். "நீயே வந்து சொல்லுவேன்னு நெனச்சேன். சாயங்காலம் நீ அந்த வழியாத்தான வருவே. இருட்ற வரிக்கும் பாலத்தாண்டையே நின்னுகினு இருந்தேன்."

கோபமே இல்லை அவன் குரலில். இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் ஓட்டி, ஹெட் டிரைவராக ரிட்டயர் ஆனேன். எத்தனையோ பேருக்கு டெஸ்ட் வைத்திருக்கிறேன். வருகிறவன் கதவில் கை வைக்கும் முன்பே வண்டியின் கோளாறு ஒவ்வொன்றையும் சொல்லிவிடுவேன். கிழவனுக்கு வாய் ஓயாது என்று பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஏற்றத்தில் வண்டி எடுப்பது பெரிய வித்தை இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டியை அடுத்தவன் கையில் கொடுக்கும்போது, அதில் உள்ள குறையை அவன் கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள். சவரி என்னிடம் கேட்கவும் செய்தான்.