பட்டியலில் இல்லாத நாடு

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நான் மடிக்கணினியைத் திறந்தால் போதும், குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும். "சத்தத்தக் குறைச்சு வை புள்ள. துவக்குச் சத்தம் கேட்டா எனக்கு நெஞ்சு படபடக்குது." யுத்த காலத்தைக் கண்ட எங்கள் வீட்டில் துவக்குச் சத்தத்தை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்கள் நானும் அண்ணனும் மட்டும்தான். பக்கத்து வீட்டு மாமிக்கு வேறு கவலை. கலியாணம் கட்டுகிற வயதில் பெண்பிள்ளைக்கு என்ன கம்பியூட்டர் விளையாட்டு என்று வேலிக்கு மேலால் கேட்பார். கட்டினவர்கள் எல்லாம் வென்றுவிட்டார்களா என்று நானும் மனதுக்குள் கேட்டுக்கொள்வேன்.

அண்ணன் கட்டாரில் கட்டட வேலை செய்கிறான். வெள்ளி அவனுக்கு லீவு; அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் இணையத்தில் சேர்ந்து விளையாடுவோம். ஒரே அறையில் எட்டுப் பேர். தொலைபேசியில் அம்மாவிடம் அவன் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "சுகமா இருக்கன்மா." அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஆனால் காதில் ஹெட்செட்டை மாட்டி, கைக்கு வேலை கொடுத்துவிட்டால் அவன் வாய் தானாகத் திறக்கும். எதிரியைச் சுட்டுக்கொண்டே எனக்கு எல்லாம் சொல்வான். குழாயில் வரும் உப்புத் தண்ணீர், மேற்பார்வையாளனின் ஊத்தை வாய், முதலாளியின் அலுமாரியில் பூட்டிக் கிடக்கும் அவனுடைய பாஸ்போட். அண்ணனை எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இரண்டு மணித்தியாலங்களில்தான்.

நான் கணக்குத் திறந்த நாளில், அந்த விளையாட்டை விற்கும் இணையக் கடையின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. மேலும் கீழும் நாலு தரம் தேடினேன். நாங்கள் இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது போல. இங்கே எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வீட்டில் யார் வெளிநாட்டில் இருக்கிறாரோ, அவருடைய நாடுதான் நம் நாடு. மண்டூரில் வாவிக்கரையில் இருந்துகொண்டு நான் கட்டார்க்காரி ஆனேன். காசு அண்ணனின் அட்டையில் போனது. ஒரு சதம்கூடக் களவில்லை.

இந்தக் கம்பனிகள் மேல் எனக்கு அன்றைக்கே கடுப்பு. 'வாங்கு' என்று பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். உள்ளே எறும்பு எழுத்தில், இது உன்னுடையதல்ல, நாங்கள் விடும்வரை நீ பாவிக்கலாம் என்று இருக்கும். சந்தையில் இறால் விற்றவள் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து சட்டிக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டு போவதில்லை. அதிர்ஷ்டப் பெட்டி என்று இன்னொன்று, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே காசு கட்ட வேண்டும். கோயில் திருவிழாவில் வளையம் எறியும் கடைக்காரனும் ஏமாற்றுக்காரன்தான், ஆனால் அவன் வைத்திருக்கிற சவர்க்காரமும் கோப்பையும் கண்ணுக்குத் தெரியும். விளையாட்டின் கதையும் அப்படித்தான். தென்னையும் தகரக் கூரையும் தெரிந்தால் அது எதிரியின் ஊர். எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளை நானே எத்தனையோ தரம் கொளுத்தியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விளையாடினேன், அண்ணன் அங்கேதான் இருந்தான்.

ஒரு வெள்ளி அவன் சரியாக விளையாடவில்லை. எப்போதும் முன்னால் பாய்ந்து ஓடுகிறவன், ஒரு சுவருக்குப் பின்னால் நின்ற இடத்திலேயே நின்று சுட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ண, நட்ட மரம் மாதிரி நிக்கிறாய்? ஓடன்."

இன்னொரு தரம் சுட்டான். பிறகு சொன்னான். "இடக்கை ஏலாது புள்ள. கட்டடத்துச் சாரத்தில இருந்து விழுந்திட்டன். ரெண்டு விரல் மரத்துக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகல்ல. துணி சுத்திட்டு வேலைக்கு நிக்கன்."

விளையாட்டில் ஆளை நடக்க வைக்கும் விசைகள் இடக்கைக்கு உரியவை. நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். யாரோ என்னைச் சுட்டுக் கொன்றதுகூடத் தெரியவில்லை.

"அம்மாக்கு மூச்சு விடாத," என்றான். "வாறதா நிக்கிறதா எண்டு யோசிச்சிட்டு அடுத்த வெள்ளி சொல்றன்."

அந்த வாரம் முழுக்க 'வந்திடு' என்ற சொல்லை வாயிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வெள்ளி இரண்டு மணிக்குக் கணினியைத் திறந்தேன். கணக்கு பூட்டியிருந்தது. நான் சொன்ன நாட்டில் நான் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். அட்டை ஒன்று என்பதால் அண்ணனின் கணக்கையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். எழுதிப் பார்த்தேன். உங்கள் மனவருத்தம் எங்களுக்குப் புரிகிறது, முடிவை மாற்ற இயலாது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். ஒரு புள்ளிகூட மாறாமல் அதே பதில். நாட்டைப் பற்றிப் பொய் சொன்னவள் நான்தான். உண்மையைச் சொல்ல அவர்கள் இடம் வைத்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அண்ணனைத் தொலைபேசியில் எடுத்தேன். அவனுக்குப் பின்னால் ஆட்களின் சிரிப்பும் ஏதோ ஒரு பாட்டும் கேட்டன. எனக்குப் பின்னால் அம்மா வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, "கை எப்பிடி? என்ன முடிவெடுத்த?" என்றேன்.

"ஆக்கள் இருக்காங்க," என்றான். பிறகு, அம்மாவுக்குச் சொல்கிற அதே குரலில், "சுகமா இருக்கன்," என்றான். வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிகளிலும் எனக்கு அதே பதில்தான்.

"அண்ணன் என்னவாம்?" என்று அன்றைக்கு அம்மா சுளகை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சுகமா இருக்கானாம்," என்றேன்.