மாமியின் பங்க் கச்சேரி

மாமிக்கு நீரிழிவு இருப்பது எங்கள் உறவுக்காரர் எல்லோருக்கும் தெரியும். அவருடைய விரல் மூட்டு வாதத்தைப் பற்றி லண்டனிலும் கனடாவிலும் இருந்தவர்கள்கூடத் தொலைபேசியில் விசாரிப்பார்கள். ஆனால் மாமி ஒரு காலத்தில் மெல்பேர்னில் கூச்சலிட்டுப் பாடும் பங்க் ரொக் இசைக்குழு ஒன்றில் வாசித்தவர் என்பது மட்டும் வெளியே தெரியக்கூடாது. அது குடும்ப ரகசியம்.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. எழுபதுகளின் கடைசியில் மன்னாரிலிருந்து தாதிப் படிப்புக்காக இங்கே வந்தவர். ஊரில் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். வந்த முதல் வருடமே விடுதித் தோழி ஒருத்தி அவரை ஒரு மதுச்சாலைக் கச்சேரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அன்றைக்குப் பார்த்து கீபோர்ட் வாசிக்கிறவன் சண்டை பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டான். இங்கே யாருக்காவது வாசிக்கத் தெரியுமா என்று பாடகர் கேட்டபோது மாமி கையைத் தூக்கினாராம். தூக்கிய கையைக் கலியாணம் பேசி முற்றாகும்வரை இறக்கவில்லை.

அந்தக் காலத்துப் படம் ஒன்று இருக்கிறது. தலையின் ஒரு பக்கம் மழித்திருக்கிறது. காதில் ஊக்கு. கழுத்தில் மாதா படம் வைத்துத் தைத்த உத்தரியம். பல வருடம் கழித்து அகதியாக வந்து சேர்ந்த அப்பா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு, உத்தரியத்தையாவது கழற்றாமல் விட்டாயே என்றாராம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒருநாள் அந்தப் பாடகர் மாமிக்குத் தொலைபேசி எடுத்தார். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். அதற்கு முன்னால் பழையபடி எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு கச்சேரி செய்யவேண்டும் என்பது அவருடைய ஆசை. தொண்டைக்குக் கூடாதே என்று மாமி பயந்திருக்கிறார். எடுத்து எறியப்போகிற சாமானை எதற்காகப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அப்போது எனக்குச் சொல்லப்பட்டது, அங்கிளுக்குத் தொண்டையில் ஒரு ஒப்பரேசன் என்பது மட்டும்தான்.

ஒத்திகைக்கு இடம் தேடினார்கள். அவர்களுக்குத் தெரிந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் மாடிப்படி இருந்தது. டிரம்ஸ்காரருக்குப் புது முழங்கால் போட்டிருந்ததால் படி ஏறமுடியாது. மெல்பேர்னின் மேற்கு ஓரத்தில், ட்ருகனினாவில் நாங்கள் புதிதாகக் குடிபோன வீட்டில் இரண்டு கார் விடக்கூடிய கராஜ் இருந்தது. ஒரு படிகூட இல்லை.

அப்பா மறுத்தார். "சனம் என்ன சொல்லும், அக்கா?"

அம்மா குசினிக்குள் சமைத்தபடியே பதில் சொன்னார். "இஞ்ச ஆர் சனம்? பக்கத்து வீட்டுக்காரன் ஆரெண்டே உங்களுக்குத் தெரியாது. மச்சாள், நீங்கள் கராஜை எடுங்கோ."

ரொக் நட்சத்திரங்கள் வரப்போகிறார்கள் என்று நான் வாசலில் காத்திருந்தேன். காரிலிருந்து மெலிந்து உயர்ந்த ஒருவர் கழுத்தில் சால்வையோடு இறங்கினார். அவர்தான் பாடுகிற அங்கிள். அடுத்து டிரம்ஸ் அங்கிள் இறங்கினார். முதலில் ஒரு கால், பிறகு ஊன்றுகோல், பிறகு கொஞ்சம் ஓய்வு, பிறகு மிச்சம். கிற்றார் அங்கிளுக்கு இரண்டு காதிலும் கருவி. உள்ளே வந்து கதிரைகளில் அமர்ந்ததும் அவர்கள் முதலில் திறந்தது வாத்தியப் பெட்டிகளை அல்ல, மாத்திரைப் பெட்டிகளை. யாருடைய மாத்திரை பெரிது, யாருடையது எந்த நேரத்துக்கு என்று உற்சாகமாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அம்மா மருந்துக்கடையில் வேலை செய்தவர். சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கவேண்டியதை முன்னால் விழுங்கிய டிரம்ஸ் அங்கிளை அவர் பிடித்துப் பேசிய பேச்சோடு இசைக்குழுவின் தலைமை அம்மாவின் கைக்கு வந்துவிட்டது.

பேஸ் கிற்றார் வாசித்தவர் ஈரல் கெட்டு முன்பே இறந்துபோயிருந்தார். அவருடைய செத்தவீட்டில் அவருடைய நாய் பிரேதப்பெட்டிக்குக் கீழே படுத்துக் குறட்டை விட, பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திப் பெட்டியையே பார்த்தாராம். அதைச் சொல்லி அவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் இறந்தவர்களைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம். இப்படியும் பேசலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

பாட்டு? முதல் பாட்டுக்கு நான் காதைப் பொத்துவதற்குள் அது முடிந்துவிட்டது. அவர்களுடைய பாட்டுகள் எல்லாமே அப்படித்தான். பாய்ச்சலில் தொடங்கும் பாட்டு, டிரம்ஸ் அங்கிளின் முழங்காலுக்கு இரங்கி நடுவழியில் நடையாகும். மாமி சுடுதண்ணீரில் விரல்களை வைத்து எடுத்து, துவாயால் துடைத்து, ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு வாசிப்பார். வாசிக்கத் தொடங்கியதும் அவருடைய தோள்கள் வேறு யாருடையவோ போல ஆடும். அந்த ஆட்டத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கச்சேரி ஒரு மதுச்சாலையில் அடுத்த கிழமை என்று முடிவாகியிருந்தது. பள்ளி விடுமுறையில் ஒரு காலை, ஒத்திகையின் நடுவில் பாடுகிற அங்கிளின் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. ஒப்பரேசனுக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது, நாளைக்கே வந்துவிடுங்கள் என்றார்கள். அவர் போனைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். மற்றவர்கள் வாத்தியங்களிலிருந்து கையை எடுத்தார்கள். காதுக் கருவியைக் கழற்றி வைத்திருந்த கிற்றார் அங்கிள் மட்டும் நடந்தது தெரியாமல் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

மாமி எழும்பி அம்மாவைப் பார்த்தார்.

"அப்ப இண்டைக்கே வாசிப்பம். பின்னேரம். இஞ்சயே."

அம்மா யோசிக்கவில்லை. "எத்தினை பேருக்குத் தேத்தண்ணி?"

எல்லோரும் போனை எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். பின்னேரம் ஆனபோது எங்கள் தெரு கார்களால் நிறைந்துவிட்டது. ஆற்றுப் பாலம் தாண்டி, நகரத்தின் மறுபக்கத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். நரைத்த முடியைச் சேவல் கொண்டைபோல நிறுத்தியவர்கள், ஊன்றுகோலில் மண்டையோட்டுப் படம் ஒட்டியவர்கள், தோல் ஜக்கெற்றுக்கு மேலே மூக்கில் பிராணவாயுக் குழாய் போட்ட ஒரு பாட்டி. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அங்கிள் லொறி ஓட்டிவிட்டு வந்து பகலில் உறங்குகிறவர். சத்தம் கேட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். பொலிசைக் கூப்பிடப்போகிறார் என்று நான் நடுங்கினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், உள்ளே போனார், தன் வீட்டுக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா நத்தார்ப் பண்டிகைக்கென்று உறைபெட்டியில் வைத்திருந்த இறைச்சி ரோல்ஸ் அத்தனையையும் பொரித்தார்.

அப்பா வேலை முடிந்து வந்தபோது தெருவுக்குள் காரை விட முடியவில்லை. எங்கோ விட்டுவிட்டு, தான் வேலை செய்யும் சாமான் கிடங்கில் போடும் மஞ்சள் ஒளிர் மேலங்கியோடு நடந்து வந்தார். பிராணவாயுப் பாட்டி அவரை மேலும் கீழும் பார்த்து, உடுப்பு பிரமாதம் என்று பாராட்டினார். அப்பாவின் கோப முகம் எனக்குத் தெரியும். அவர் யாரையும் பார்க்காமல் நேரே சுவரிலிருந்த மின்சாரச் சுவிச்சை நோக்கிப் போனார்.

கை சுவிச்சில் இருந்தபோது மாமி அடுத்த பாட்டைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் வானொலியில் போன அவர்களுடைய ஒரே பாட்டு அதுதானாம். முதலில் கீபோர்ட் மட்டும். அப்பாவின் கை அப்படியே நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு டிரம்ஸையும் கிற்றாரையும் மீறிக் கத்தினார்.

"அக்கா! இது எங்கட மாதான்ர பாட்டெல்லோ!"

மன்னாரில் திருநாளன்று மாதாவின் சுருவத்தைக் கோயிலுக்கு வெளியே தூக்கி வரும்போது பாடுகிற பாட்டு. மாமி அதை நாலு மடங்கு வேகத்தில் ஓட விட்டிருந்தார்.

"ஓமடா," என்றார் மாமி வாசிப்பை நிறுத்தாமல். "இப்பதான் கேக்கிறியோ?"

அப்பா சிரித்தார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. சுவிச்சை விட்டுவிட்டு வந்து, பாடுகிற அங்கிள் ஆங்கிலத்தில் யாரையோ திட்டிப் பாடிக்கொண்டிருக்க, அதே மெட்டில் தமிழில் மாதாவைப் புகழ்ந்து பாடத் தொடங்கினார். அங்கிள் மைக்கை அவர் பக்கம் நீட்டினார். அந்த மெட்டு இரண்டாம் முறை வந்தபோது அங்கிளின் குரல் கீறி, உடைந்து, காற்றாகிப் போனது. அவர் நிறுத்தவில்லை, வாயை அசைத்துக்கொண்டே நின்றார். அப்பா இருவருக்குமாகச் சேர்த்துப் பாடினார். பஞ்சாபி அங்கிள் கைகளைத் தூக்கித் தோளைக் குலுக்கி ஆட, கொண்டை முடிக்காரர்கள் அவரைச் சுற்றிக் குதித்தார்கள். முழங்காலை மறந்த டிரம்ஸ் அங்கிள் அந்தப் பாட்டை மட்டும் பாய்ச்சல் குறையாமல் முடித்தார்.

பாடுகிற அங்கிள் அதன் பிறகும் பல வருடம் இருந்தார். கழுத்திலிருந்த துளையை விரலால் பொத்திப் பேசப் பழகினார். நத்தாருக்கு எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு கிரிக்கெற் பார்த்துச் சண்டை போடுவார். போன குளிர்காலத்தில்தான் இறந்தார். செத்தவீட்டில் மாமி வாசிக்க, அப்பா பாடினார். அழுதவர்களைவிடச் சிரித்தவர்கள்தான் அதிகம்.

கராஜில் கச்சேரி முடிந்த அன்றைக்கு, சனம் ரோல்ஸைத் தேடிக் குசினிப் பக்கம் போனபோது, பாடுகிற அங்கிள் தனியாக இருந்து இளஞ்சூட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, எனக்கும் போன வருடம் தொண்டையில் ஒப்பரேசன் செய்தார்கள் என்றேன். எனக்கு டொன்சில். பயப்படத் தேவையில்லை, கொஞ்ச நாளைக்குப் பேசமுடியாது, அவ்வளவுதான், ஐஸ்கிரீம் தருவார்கள் என்றும் சொன்னேன்.

"பிள்ளை, இஞ்ச வா!" என்று அம்மா கூப்பிட்டார். அங்கிள் கையைக் காட்டி அம்மாவைத் தடுத்தார்.

என்ன ஐஸ்கிரீம் என்று கரகரத்த குரலில் கேட்டார். வனிலா, ஆனால் கேட்டால் சொக்லேட்டும் தருவார்கள் என்றேன். சிரித்தார். பிறகு குரல் எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டார். ஒருநாள் காலையில் எழும்பி அம்மா என்று கூப்பிட்டேன், வந்துவிட்டது, அது தானாக வரும் என்று விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். மாமி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீபோர்டைத் துவாயால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை பெரியவர்கள் கூடியிருந்தும் இந்தச் சின்ன விசயத்தை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டு, மிச்சமிருந்த ரோல்ஸைத் தேடிக் குசினிக்கு ஓடினேன்.