அருவிக்கு எவ்வளவு நேரம்?

மதுரை காளவாசலில் பிறந்து ஹாரன் சத்தத்தில் வளர்ந்தவள் நான். வாக்கப்பட்டதோ பேரையூருக்கு மேற்கே, மலைமேல் இருக்கும் ஊரில். காதல் கல்யாணம். மாமியாருக்கு அதில் ஆறாத கோபம். இரண்டு வருஷமாக, லீவுக்குப் போகும்போதெல்லாம் சோற்றைப் போட்டுவிட்டு, "ஆறிப்போகுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். நானும் ரோஷக்காரிதான், சுவருக்கே பதில் சொல்வேன். ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துப் பேசிவிட மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன்.

போன வருஷம் மலைக்குத் தார் ரோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் மதுரையிலிருந்து காரில் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊர் வரலாறும் பார்க்க வேண்டிய இடங்களும் எழுதி, ஊர் நடுவே மந்தையில் ஒரு போர்டு வைப்பதென்று முடிவானது. டீச்சராச்சே, எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

வரலாறு கேட்கப் போனால் பெரிய கூத்து. பஞ்சத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு மலை ஏறினோம் என்றது கீழத்தெரு. காணாமல்போன மாட்டைத் தேடி வந்து, சுனையைப் பார்த்ததும் தங்கிவிட்டோம் என்றது மேலத்தெரு. மாடு வந்தது மட்டும் நிச்சயம். எதற்கு வம்பு என்று இரண்டையும் எழுதினேன். பிறகு அந்தச் சுனை, அதன் கரையில் கன்னிமார் கோயில், பலாத் தோப்பு, கடைசியாக அருவி. அருவிக்கு எவ்வளவு தூரம் என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அரைமணி நேர நடை என்றார். அப்படியே எழுதிவிட்டேன்.

போர்டு வைத்த அன்று ஊரே கூடி வாசித்தது. மாமியார் எழுத்துக்கூட்டிக் கடைசி வரிவரை வந்தார். அப்புறம் திரும்பி நேராக என்னைப் பார்த்தார்.

"அரைமணி நேரமா? யாரு காலுக்கு? ஆம்பளைக ஓடுற ஓட்டத்த எழுதி வச்சிருக்க. புள்ளையத் தூக்கிக்கிட்டு வாரவ என்னத்தச் செய்வா? அழிச்சு எழுது."

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் நைசாக நழுவினார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"நான் அருவிக்குப் போனதே இல்லையே, அத்தை" என்றேன்.

அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்.

"செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வா. பாறை வழுக்கும்."

போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வழியெல்லாம் அவர்தான் பேசினார்.