அக்கா காட்டாத கை

“எனக்குத்தான் கொரோனா வந்து போயிடுச்சே தாத்தா, ஊசி எதுக்கு?” என்றாள் பேத்தி, ஹட்டனில் ஊசி வரிசையில் நின்றபோது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே பேச்சை எட்டு வயதில் கேட்டிருக்கிறேன்.

பொகவந்தலாவையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்து வாசலில், அம்மை குத்த வந்திருந்தார் தோட்டத்து டாக்டரய்யா. ஸ்பிரிட் வாசனைக்கே நான் கத்தினேன். பத்து வயது அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கு முந்தின வருடம்தான் அவளுக்கு அம்மை வார்த்திருந்தது. வேம்பு வளராத குளிர் எங்கள் மலையில். அப்பா கண்டிவரை போய் வேப்பிலை கொண்டுவந்து, மூன்று தண்ணீர் ஊற்றிப் பிழைக்க வைத்திருந்தார்.

எனக்குக் குத்தி முடித்த டாக்டரய்யா அக்காவைக் கூப்பிட்டார். அம்மா மறித்தாள்.

“அவளுக்கு ஆத்தா வந்து எறங்கிட்டா. இனி வரமாட்டாங்க சாமி.”

“அது சின்னம்மை. இது பெரியம்மை, வேற நோய்.”

“ஏம் புள்ளைக்கு வேணாங்க,” என்று அக்காவை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஒரே மாதம். அக்காவின் முகத்தில் ஊசி முனை வைக்க இடமில்லாமல் கொப்புளம். அப்பா மறுபடி வேப்பிலையோடு வந்து இறங்கியபோது அவளைப் புதைத்துவிட்டிருந்தார்கள்.

அம்மா என் கைத் தழும்பைத் தடவியபடியே சொன்னாள்: “ஒனக்காகத்தாண்டா பயந்தேன். அவளுக்காகப் பயப்படவே இல்லியே.”

வரிசையில் நின்றபடியே சட்டைக் கையைச் சுருட்டினேன்.

“இது என்ன தாத்தா?”

இத்தனை வருடம் வீட்டில் யாரும் உச்சரிக்காத அக்காவின் பெயரைச் சொன்னேன்.

“செல்வி.”