பந்திக்கு ஆளிருத்திய சுந்தரதாஸ்

உதியன்குளங்கரைக்குக் கிழக்கே இருக்கும் மிஷன் சபையில் ஸ்நேகவிருந்து என்றால் சுந்தரதாஸ் இல்லாமல் பந்தி ஓடாது. சோறு வடிக்கவும் சாம்பார் வாளி தூக்கவும் எத்தனையோ பேர் உண்டு. ஆளை இருத்த அவன் ஒருவன்தான். அது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் ஒரு தடவை செய்து பார்க்கட்டும். பாய் விரித்து இலை போட்டதும் பந்தல் வாசலில் கூட்டம் முட்டும். கௌரவம் பார்க்கிற ஆள் பிறகு பார்ப்போம் என்று ஒதுங்கி நிற்பார். கைக்குழந்தைக்காரி இடம் இல்லை என்று நினைத்துத் திரும்பப் பார்ப்பாள். நடுவில் ஓர் இலை காலியாகக் கிடக்கும். பக்கத்தில் இருப்பவர் தம் மச்சானுக்கென்று கையை ஊன்றி அதை மறைத்திருப்பார். சுந்தரதாஸ் சிரித்துக்கொண்டே அந்தக் கையை விலக்குவான். நிற்கிறவரின் முழங்கையைப் பிடித்து அழைத்துவந்து இருத்திவிட்டுத்தான் மறுவேலை. காலி இலை கிடக்கும்போது ஒருத்தர் நின்றால் அந்தப் பந்திக்கு ஜெபம் சொல்லக் கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம். ஜெபம் முடியாமல் இலையில் சோறு விழாது. அதனால் பசித்தவன் எல்லாம் அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அப்படி ஒரு விருந்தில்தான் ராஜையாவின் கண்ணில் அவன் பட்டான். ராஜையா பாறசாலையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், சபைக் கமிட்டியில் மூத்தவர். முழங்கால் மடங்காது. பாயில் உட்காரவேண்டிய விருந்தென்றால் வயிறு நிறைந்திருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அன்றைக்கு சுந்தரதாஸ் அவரை விடவில்லை. அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பைத் தாங்கி, காலை நீட்டி வைக்க இடம் பண்ணி, மெதுவாகக் கீழே இறக்கினான். கை கழுவியதும் அவர் அவனைக் கூப்பிட்டு ஊரும் பேரும் கேட்டார். அப்பா இல்லை, அம்மா சத்தியபாய், வேலை கோவளத்தில் ஒரு ஹோட்டலில், கப்பலுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்றான்.

கப்பல் வேலை கிடைத்த உடனே ராஜையா தம் மகள் லிஷாவை அவனுக்கு நிச்சயம் செய்துவிட்டார். மோதிரம் மாற்றிய அன்று எல்லார் முன்னாலும் சொன்னார்:

"எனக்குப் பொன்னும் பொருளும் வேண்டாம் மக்கா. போன இடத்துல ஒரு சொல்லு கேக்காம, கப்பல்காரனுக்க கரார் காலம் முடிச்சு நல்ல பேரோட வா. வந்த மறுமாசம் கல்யாணக் கெட்டு. இடையில பேரு கெட்டு வந்தா எனக்க பிள்ளைய நீ மறந்துரணும். அத இப்பமே சொல்லிப்போட்டேன்."

சரி மாமா என்று சொல்லிவிட்டு 1996இல் அவன் விமானம் ஏறினான்.

கரீபியன் தீவுகளைச் சுற்றிச் சுற்றி வருகிற உல்லாசக் கப்பல் அது. நெய்யாற்றின்கரை டவுனைத் தூக்கித் தண்ணீரில் வைத்து, அதற்குள் நாலு நீச்சல்குளமும் தியேட்டரும் வைத்தமாதிரி இருந்தது. அதியன்னூர்க்காரன் உண்ணி அங்கே அறைகளைச் சுத்தம் செய்கிற வேலையில் ஏற்கெனவே இருந்தான். ஊர்ப்பேச்சுக்கு அவனாவது கிடைத்தானே என்று சுந்தரதாஸுக்கு நிம்மதி.

பெரிய நீச்சல்குளம் இருந்த தளத்தில்தான் முதல் வேலை. அங்கே காலையிலிருந்தே பாட்டு, கூச்சல், பந்தயம், பிள்ளைகளின் ஓட்டம். சாய்வு நாற்காலிகளுக்காகச் சண்டை வேறு. விடிவதற்குள் எழுந்துவந்து ஒருத்தரே நாலு நாற்காலியில் துவாலையைப் போட்டுவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். பாறசாலை ஸ்டாண்டில் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுச் சீட்டுப் பிடிக்கிற ஜாதிதான் இங்கேயும் இருக்கிறது என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் துண்டு போட்டவன் துண்டுக்குப் பின்னாலேயே ஏறிவந்து உட்காருவான். இங்கே மத்தியானம் வரைக்கும் துவாலை மட்டும்தான் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மனுஷர்கள் வெறுங்காலில் சூடு தாங்காமல் மாறி மாறி நிற்பார்கள்.

அடுத்து அவனை மேல்தளத்துக்கு மாற்றினார்கள். அங்கேதான் அவனுக்குத் தலை சுற்றியது. கப்பலின் முன்மூக்கில் தனியாக ஓர் இடம். பித்தளைத் தூணில் வெள்ளைக் கயிறு மாட்டியிருக்கும். உள்ளே மெத்தை போட்ட நாற்காலிகள், குடைகள், ஐஸில் நனைத்த துவாலை, குச்சியில் குத்திய பழத்துண்டு. பாட்டு கிடையாது, பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது. கப்பலுக்கே கொள்ளைக் காசு கொடுத்து வந்தவர்கள், அதற்கு மேலும் காசு கட்டி ஊதாநிறப் பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டால்தான் கயிற்றைத் தாண்டலாம். கடல் அதே கடல், காற்றும் அதே காற்று. பாதிக்குமேல் நாற்காலிகள் எந்நேரமும் காலி. உள்ளே இருந்தவர்கள் கடலைப் பார்த்ததைவிடக் கீழ்த்தளத்து நெரிசலை எட்டிப் பார்த்ததுதான் அதிகம். பார்த்துவிட்டுத் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

"இவிய என்னத்துக்குலே ரெண்டாமதும் காசு கெட்டுகினும்?" என்று உண்ணியிடம் கேட்டான்.

"எடா தாசே, நீ நெனைக்கியமாதிரி கசேரைக்கு இல்ல காசு. பக்கத்துல உள்ள கசேர காலியா கெடக்கதுக்காக்கும் காசு," என்றான் உண்ணி.

சுந்தரதாஸ் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டான். காலி இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சிலருக்குச் சோறு இறங்குமா? இப்படியும் மனுஷப் பிறவி உண்டா என்று அன்றெல்லாம் அவனுக்கு ஆறவே இல்லை.

பட்டை இல்லாதவரை உள்ளே விட்டால் கம்பெனிப் பொருளைத் திருடியதற்குச் சமம், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவோம் என்று மேலதிகாரி முதல் நாளே சொல்லியிருந்தார். சுந்தரதாஸும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தான். லிஷாவின் முகத்தையும் ராஜையாவின் சொல்லையும் நினைத்துக்கொண்டு கயிற்றருகே அசையாமல் நிற்பான்.

ஒருநாள் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் மனைவியோடு படியேறி வந்தார். அவர் கையில் ஊன்றுகோல். அந்தம்மாவின் முகம் வெயிலில் சிவந்து வியர்த்து வழிந்தது. கீழே ஒரு நாற்காலியும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு இருவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு ஒரு முழம் தள்ளி இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தது. அந்தக் கணத்தில் அவன் லிஷாவை நினைக்கவில்லை, ராஜையாவை நினைக்கவில்லை, ஒன்றையுமே நினைக்கவில்லை. கை தானாகப் போய்க் கொக்கியைக் கழற்றியது. கிழவரின் முழங்கையைப் பிடித்து, இடுப்பைத் தாங்கி, காலை நீட்ட வசதி பண்ணி இருத்திவிட்டான். அந்தம்மாவுக்குக் குளிர்ந்த துவாலை கொடுத்தான். அவள் அவன் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தட்டிக்கொடுத்து, நல்ல பிள்ளை நீ என்றாள். அவனுக்குக் கண் கலங்கியது.

மறுநாளும் வந்தார்கள், இருத்தினான். அதற்கு மறுநாள் கையில் ஊதாப் பட்டையோடு வந்தார்கள். இடம் பிடித்துப்போய்க் காசு கட்டிவிட்டார்களாம். அப்பாடா, இனி எனக்கும் பயமில்லை என்று சுந்தரதாஸ் மனசுக்குள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னான்.

அன்று மத்தியானமே பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி படியேறி வந்து மூச்சு வாங்க நின்றாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. சுந்தரதாஸ் சுற்றிலும் பார்த்தான். அந்தக் கிழத் தம்பதியைத் தவிர வேறு யாரும் விழித்திருக்கவில்லை. அவர்கள்தானே, நம்முடைய ஆட்கள் என்று நினைத்தான் பாவி. அவளை ஓரத்து நாற்காலியில் இருத்தி, வீங்கிய கால்களுக்கு அடியில் ஒரு மெத்தையும் மடித்து வைத்தான்.

திரும்பிப் பார்த்தபோது கிழவியின் பக்கத்தில் மேலதிகாரி நின்றுகொண்டிருந்தார். அவளே கைகாட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். காசு கட்டாதவர்களெல்லாம் வருவதென்றால் நாங்கள் கட்டியது எதற்கு, இந்த இடத்தின் அமைதியே போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோபம்கூட இல்லை, டீயில் சர்க்கரை போதவில்லை என்று சொல்கிற குரல்தான்.

இவன் இதற்கு முன்னாலும் இப்படி யாரையாவது விட்டிருக்கிறானா என்று மேலதிகாரி கேட்டார்.

"விட்டிருக்கிறான்," என்றார் கிழவர் தயங்காமல். "எங்களையே இரண்டு நாள் விட்டானே."

சுந்தரதாஸ் கிழவரை நோக்கித் திரும்பினான். ஏதாவது சொல்வார், சிரிப்பார், வேடிக்கைக்குச் சொன்னேன் என்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டுப் பழத்துண்டை எடுத்துக் கடித்தார். பிள்ளைத்தாய்ச்சி ஒன்றும் புரியாமல் எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். எழுதுகிற எனக்கே வயிறெரிகிறது, பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி வரைக்கும் உண்ணி வந்தான்.

"நாட்டுல போயி நடந்தத சொல்லாத கேட்டியா? ஆரும் நம்ப மாட்டினும். குடிச்சிட்டு அடிபிடி ஆச்சு, அதாக்கும் எறக்கி விட்டினும்னு சொல்லு. அது எல்லாவனுக்கும் மனசிலாவும்."

"எனக்கு அதுக்க மணம்கூட தெரியாதே உண்ணி."

"அதினால என்ன? கேக்கியவனுக்குத் தெரியுமே."

பொய் சொல்லி எனக்கென்ன வேண்டிக்கிடக்கிறது, உள்ளதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கா புரியாது என்று நினைத்துக்கொண்டுதான் சுந்தரதாஸ் வந்து இறங்கினான். உலகத்தில் வேறு எங்கே புரியாவிட்டாலும் உதியன்குளங்கரையில் புரியும் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தான்.

சத்தியபாய் மகனுக்குக் கஞ்சி விளம்பிவிட்டு, அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மெதுவா சொல்லு மக்கா. அஞ்ச கப்பல்ல இருந்து எதையும் எடுத்தியா?"

அவன் கஞ்சியைத் தள்ளி வைத்தான். பெற்ற தாய் கேட்கிற கேள்வியா இது?

சாயங்காலம் ராஜையா காலை இழுத்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவன் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"கசேர காலியா கெடந்துது," என்றார் ராஜையா. "கெழவனும் கெழவியும் நின்னினும். நீ இருத்தினே."

"ஆமா மாமா."

"அந்தக் கெழவனும் கெழவியுமே உன்னக் காட்டிக் குடுத்தினும்."

"ஆமா மாமா."

"இருத்தினவனையா?"

"ஆமா."

ராஜையா அவனை ஏறிட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

"லோகத்துல ஏதாவது ஒரு நாட்டுல, வயசாளிய பிடிச்சு இருத்தினதுக்கு ஒருத்தனுக்க வேல போவுமா மக்கா? கள்ளம் சொன்னாலும் நம்பியமாதிரி ஒரு சேலுக்குச் சொல்லப்படாதா? நீ என்ன செய்தேன்னு எனக்குத் தெரியாது. அத மறைக்கியதுக்கு, உனக்க கையில உள்ள ஒரே நல்ல குணத்த கொண்டு வந்து முன்ன வைக்கே. அதாக்கும் எனக்கு சகிக்கல. லிஷாட்ட நான் சொல்லிக்கிடுகேன். மோதிரத்த நாளைக்குக் குடுத்தனுப்புகேன்."

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்திருக்கப் பார்த்தார். சுந்தரதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"குடிச்சேன் மாமா."

ராஜையா திரும்ப உட்கார்ந்தார்.

"குடிச்சிட்டு அடிபிடி ஆச்சு. அதாக்கும் எறக்கி விட்டினும்."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். இத்தனை நேரம் நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கியமாதிரி அவர் முகம் தெளிந்தது. கதவுக்குப் பின்னால் சத்தியபாய் கர்த்தாவே ஸ்தோத்திரம் என்று சொன்னது கேட்டது. மகன் திருடவில்லை, குடித்திருக்கிறான், அவ்வளவுதானே!

"அத முன்னமே சொல்லப்படாதா மக்கா. சின்ன வயசு, செறுப்பக்காரன், தனியா கெடந்தே, எவனோ ஊத்தித் தந்திருப்பான். இது திருத்தக்கூடியதுதான். சபைக்கு முன்ன நின்னு இனி தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணு. கல்யாணத்த நான் நடத்துகேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத சுந்தரதாஸ், சபைக்கு முன்னால் நின்று இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தான். பெண்கள் பக்கத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கல்யாணமும் நடந்தது. ஒருநாள் லிஷாவிடம் உண்மையைச் சொன்னான். அவள் பிரியமாகச் சிரித்து, "குடிச்சத நான் எப்பமே மன்னிச்சாச்சு. இன்னும் எதுக்கு இந்தக் கதை?" என்றாள். அதோடு அவன் வாயை மூடிக்கொண்டான்.

அந்த வருஷத்து ஸ்நேகவிருந்து வந்தது. குடித்ததை ஒத்துக்கொண்டு ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவன் ஒரு வருஷத்துக்குப் பந்தியில் ஊழியம் செய்யக் கூடாது என்பது சபையின் சட்டம். மருமகன் என்று சலுகை காட்டியதாகப் பேச்சு வரக் கூடாதென்று ராஜையாவே கமிட்டியில் அதை எடுத்துச் சொல்லி முடிவாக்கியிருந்தார். பந்தல் கால் அருகே சுந்தரதாஸ் சும்மா நின்றான். ஆளிருத்துகிற வேலையைப் பொறுப்பில்லாத இரண்டு பேரிடம் விட்டிருந்தார்கள். அவர்கள் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

பாயில் எல்லாரும் இருந்தாயிற்று. நடுவில் ஓர் இலை காலி. அதற்கு நேராக ராஜையா மடங்காத காலோடு நின்றுகொண்டிருந்தார். போதகர் ஜெபம் சொல்லாமல் காத்திருந்தார். ராஜையா இலையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடைசியில் மருமகனைப் பார்த்தார். பழக்கத்தில் கையைக்கூட லேசாக உயர்த்திவிட்டார்.

சுந்தரதாஸின் கையும் தானாக எழுந்தது. உடனே அவன் சுற்றிலும் பார்த்தான், தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று. அப்படிப் பார்த்தது அவனுக்கே தெரிந்தது. கப்பலில் கயிற்றருகே நின்ற பார்வை அது. அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வயிறு நிறைந்திருக்கிறது என்று போதகரிடம் சொல்லிக்கொண்டு ராஜையா வீட்டுக்கு நடந்தார்.