ஒல்லாந்துச் சொல்லும் பெண் பிள்ளையும்

இன்று கொட்டாஞ்சேனையில் கோயில் திருநாள். என் துணிக்கடையில் நிற்க இடமில்லை. வீட்டிலோ மனைவிக்குப் பிரசவ வலி.

ஒல்லாந்துக் கப்பற்காரர் ஒருவர் இடுப்பில் உடுக்கச் சாரம் கேட்டு அவசரப்படுத்தினார். கூட்டத்துக்கும் வேலை நெருக்கடிக்கும் அவர்கள் பாஷையில் "ட்ருக்" என்ற ஒரே சொல்தான் என்று துறைமுகத்தில் கேட்டிருந்தேன்.

"இக் பென் ட்ருக்" என்றேன். எனக்கு வேலை அதிகம் என்று சொன்னதாக நினைப்பு.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உம்மையே துள்ளிக் குதிக்கிற ஆள் என்றல்லவா சொல்கிறீர்!" என்றார் இங்கிலீசில்.

அப்போது மனைவியின் தம்பி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அத்தான், பொம்பிளைப் பிள்ளை! ரெண்டு பேரும் நல்ல சுகம்!"

அத்தனை பேர் நடுவிலும் நான் துள்ளினேன். கப்பற்காரரும் கூடத் துள்ளினார்!

பிள்ளைக்கு அவர் சொன்ன ஒல்லாந்துப் பெயர் வீட்டில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. நுழைகிற பெயராக நீங்கள் ஒன்று சொல்லுங்களேன்.